லோட்டி பூசர் எந்த ஊர்?

போல்வில் ஊராட்சி அலுவலகத்தில் குடிபதிய வருகிறவரிடம் லோட்டி பூசர் பெயரைக் கேட்பதற்கு முன்பே வேறொன்றைக் கேட்பார். "பல் பிரஷ் எங்க இருக்கு?"

ஆளைக் குழப்புவதற்காகக் கேட்பதல்ல. ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதற்குச் சட்டம் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறது. வேலை பார்க்கும் இடம், உறவினர் இருக்கும் இடம், மாலையில் திரும்பி வரும் இடம் என்று அது நீண்டுகொண்டே போகும். இருபத்தைந்து வருடம் ஊராட்சிச் செயலராக இருந்த லோட்டி அதையெல்லாம் ஒரே பொருளுக்குள் அடக்கிவிட்டார். மனிதர்கள் கம்பளிக் கோட்டை மறப்பார்கள், குடையை மறப்பார்கள், இரண்டு வீட்டில் இரண்டு ஜோடி செருப்பு வைத்திருப்பார்கள். ஈரமான பல் பிரஷ் ஒன்றுதான் இருக்கும்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிவந்த மறுநாள் என்னிடமும் அதையே கேட்டார். முதுகுப்பையில் இருக்கிறது என்றேன். பை அலுவலக வாசலில் கிடந்தது.

"அப்போ இன்னிக்கு நீ எங்க வாசப்படியில குடியிருக்க, நொயெமி. போய் உங்கம்மா வீட்டுல ஒரு டம்ளர்ல போட்டுட்டு வா."

போட்டுவிட்டு வந்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக என்னை எழுதிக்கொண்டார். சும்மாதானே இருக்கிறாய் என்று, பழைய குடிப்பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் அரைநாள் வேலையையும் கொடுத்தார். அதனால்தான் நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது.

பாசெல் நகரத்துக்குத் தெற்கே வால்டன்பூர்க் மாவட்டத்தில், பள்ளத்தாக்கில் ஓடும் சின்ன ரயில் நின்றுவிடும் இடத்திலிருந்து பஸ்ஸில் பதினெட்டு நிமிடம் மேலே ஏறினால் போல்வில். மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஆள் குறைந்தது எங்களுடையது. மேடு மட்டும் நிறைய. எல்லாம் சுண்ணாம்புப் பாறை என்பதால் பெய்த மழை மேலே நிற்காது. ஓடையே நடுவழியில் பூமிக்குள் இறங்கிக் காணாமல் போய், கீழே வேறொரு ஊரில் தலைகாட்டும். நம் பிள்ளைகளும் அப்படித்தான் என்று லோட்டி சொல்வார். ஊருக்குத் தெற்கே காடு அடர்ந்த முகடு. அதைத் தாண்டினால் எர்லிகன். நடந்து போனால் நாற்பது நிமிடம். பஸ்ஸில் இறங்கி, ரயிலில் போய், இன்னொரு பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம்.

லோட்டி பிறந்தது எர்லிகனில். அப்பா அடோல்ஃப் தோமன் செர்ரித் தோட்டக்காரர், எர்லிகன் ஊர் மன்றத்தில் உறுப்பினர். இரண்டு ஊருக்கும் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை முகட்டின் மேல் ஒரு வைக்கோல் கொட்டகை தீப்பிடித்தபோது இரண்டு ஊர்த் தீயணைப்பு வண்டிகளும் வந்து, கொட்டகை யாருடைய எல்லையில் இருக்கிறது என்று பேசி முடிப்பதற்குள் அது எரிந்து முடிந்துவிட்டது. அந்த அளவுக்கான உறவு. அப்படிப்பட்ட ஊருக்கு மகள் வாழ்க்கைப்பட்டுப் போவது அடோல்ஃபுக்குப் பிடிக்கவில்லை. 1988இல் லோட்டி போல்வில் வால்டர் பூசரைக் கட்டிக்கொண்டபோது அவர் கல்யாணத்துக்கு வரவில்லை.

வால்டரின் பண்ணை ஹின்டர்போல். முகட்டுக்குக் கீழே, போல்விலின் கடைசி வீடு. லோட்டிக்கு முப்பத்தொரு வயது. கல்யாணத்தோடு போல்வில்காரி என்ற உரிமையும் சட்டப்படி வந்து சேர்ந்தது. ஆனால் காகிதத்தில் வந்து சேர்வது வேறு. பால் கறந்து கொண்டுவந்து ஊற்றும் இடத்தில் பெண்கள் அவரை ஆறு வருடம் "எர்லிகன்காரி" என்றே அழைத்தார்கள். அந்த ஆறு வருடத்தில் அவர் தேவாலயத்தில் பாடினார், தீயணைப்புக் குழுவில் குழாய் பிடித்தார், இரண்டு பிள்ளைகள் பெற்றார். பிறகு செயலர் வேலை காலியானது. வேறு யாரும் கேட்காததால் அவருக்குக் கிடைத்தது. ஊரில் ஒவ்வொருவரையும் எழுதி வைப்பவரை வெளியூர்க்காரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எழுதும்போது பெயரில் எழுத்தை மாற்றிவிடுவாரோ என்ற பயமும் இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் மூன்று பதிவேடுகள் உண்டு. ஆட்களுக்கு ஒன்று, மாடுகளுக்கு ஒன்று, கற்களுக்கு ஒன்று. கற்கள் என்றால் எல்லைக் கற்கள். போல்விலைச் சுற்றி அறுபத்து மூன்று. ஆட்களும் மாடுகளும் கூடும் குறையும். கற்கள் மட்டும் அப்படியே இருக்கும் என்பது நம்பிக்கை.

அந்தக் கற்களைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர் கொண்ட எல்லைக் குழு இருக்கிறது. கல்லை நடுவதும் நிமிர்த்துவதும் அவர்கள் மட்டுமே செய்யலாம். நடும்போது கல்லுக்கு அடியில் ஒரு சாட்சியை வைப்பார்கள். அது சுட்ட மண்ணா, உடைத்த ஓடா, எந்த வடிவம், எப்படி அடுக்குவார்கள் என்பது அந்த ஐவருக்கு மட்டும் தெரியும். பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது. யாராவது கல்லை நகர்த்தினால், அடியில் சாட்சி இருக்காது. பொய் தெரிந்துவிடும்.

நாற்பத்தொன்றாம் கல் லோட்டியின் வீட்டுக்குப் பின்னால், காட்டோரப் பீச் மரங்களுக்கு முன்னால் நிற்கிறது. அது தப்பான இடத்தில் நின்றது.

1989இல் வால்டர் வீட்டை நீட்டிக் கட்டினார். படுக்கையறை, குளியலறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை. அஸ்திவாரம் போட வேண்டிய இடத்தில் கல் குறுக்கே நின்றது. முறைப்படி செய்வதென்றால் எல்லை தாண்டிக் கட்டுவதற்கு எர்லிகன் மன்றத்தின் அனுமதி வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் மாமனார் அடோல்ஃப். வால்டர் அவரிடம் போய்க் கேட்கவில்லை. லோட்டி எர்லிகனில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, டிராக்டரில் சங்கிலி கட்டிக் கல்லைப் பிடுங்கி, எர்லிகன் பக்கமாக ஏழு மீட்டர் தள்ளி நட்டுவிட்டார். இரண்டு பக்கத்துப் புல்வெளியும் அவருடையதே என்பதால் யாருக்கும் ஒரு பிடி புல்கூடக் குறையவில்லை. கேட்பாரில்லை. குழுவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்தப் பிறகு வர இருபத்து நான்கு வருடம் ஆனது. அதுவும் குழுவிடம் சொல்லவில்லை. மருத்துவமனைக் கட்டிலில், லோட்டியிடம் சொன்னார். சொல்லி ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

ஆறு வருடம் லோட்டி அதை மனசுக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு டிசம்பர் முடிவிலும் ஊரின் மக்கள்தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதில் ஒன்று கூடுதல் என்பதும் அந்த ஒன்று தான்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

2019 மார்ச்சில் நில அளவைத் துறையின் கடிதம் வந்தது. செயற்கைக்கோள் கொண்டு புதிதாக அளக்கப் போகிறார்கள். எர்லிகன் பக்கத்தில் முப்பத்தெட்டு முதல் நாற்பத்து நான்கு வரையிலான கற்கள் பழைய வரைபடத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. ஊரே கற்களைச் சுற்றிவரும் இந்த வருட எல்லை நடையின்போது தோண்டிச் சாட்சியைப் பார்த்து உறுதி செய்யவும் என்று எழுதியிருந்தது. லோட்டி அதைப் படித்து, துளையிட்டு, கோப்பில் சேர்த்தார். அடுத்த இரண்டு நாள், பதிய வந்த யாரிடமும் பல் பிரஷைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் என்னிடம் கல் பதிவேட்டைக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னார். மாட்டுக்குத் தடுப்பூசி போட்டதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்பா ஊரை விட்டு வந்ததும், ஆறு வருடம் எர்லிகன்காரி என்று பேச்சு வாங்கியதும், பிறகு இருபத்தைந்து வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், எல்லாம் அன்று ஒரே மூச்சில் வந்தன. கடைசியில் ஊர்ச் சட்டத்தை எடுத்து ஆறாவது பிரிவைக் காட்டினார். செயலர் போல்வில் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"வேலை போனா போகட்டும். கல்யாணமாகி மறு வருஷத்துல இருந்து தினமும் எங்கப்பா ஊர்லதான் தூங்கியிருக்கேன். அதை எங்க எழுதுறது?"

பன்னிரண்டு நாடுகளில் தூங்கி எழுந்த எனக்கு ஏழு மீட்டர் பெரிய தூரமாகப் படவில்லை என்பதுதான் உண்மை. அன்று அதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்காவது புத்தி இருந்தது.

ஏப்ரலில் ஏர்ன்ஸ்ட் ருடின் அலுவலகத்துக்கு வந்தார். எல்லைக் குழுவின் மூத்தவர், சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சேற்றுக் காலணியோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவள் இருக்கட்டும் என்றார் லோட்டி.

"நாப்பத்தொண்ணு" என்றார் ஏர்ன்ஸ்ட்.

"தெரியும்."

"எனக்கும் தெரியும். தொண்ணூத்தாறுலயே தெரியும்."

லோட்டி பேனாவைக் கீழே வைத்தார். அந்த வருடம் மரம் இழுத்த வண்டி ஒன்று இடித்து நாற்பத்தொன்று சாய்ந்துவிட்டதாம். குழு போய் நிமிர்த்தியது. தோண்டிப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லை, சுத்தமான களிமண். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கல்லை நின்ற இடத்திலேயே நேராக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"இருபத்து மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"கல்லுக்கடியில என்ன இருக்குன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம். ஒண்ணும் இல்லேன்னா அதையும் சொல்லக் கூடாதுதானே?"

ஐந்து பேரும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதைப் பற்றித் தங்களுக்குள்ளேகூட அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில்தான் இப்படி நடக்கும்.

பிறகு ஏர்ன்ஸ்ட் தான் வந்த காரியத்தைச் சொன்னார். நடைக்கு முன் ஒரு நாள் ஐந்து பேரும் போய், கல் இப்போது நிற்கும் இடத்திலேயே சாட்சியை வைத்துவிடுவார்கள். நடையன்று தோண்டினால் சாட்சி இருக்கும். வரைபடம்தான் தப்பு என்று எழுதி அனுப்பிவிடலாம்.

"தோண்டுறப்போ எல்லாரும் முதுகைத் திருப்பிக்கிட்டுத்தான் நிக்கணும். யாரு பார்க்கப் போறா?"

லோட்டிக்கு ஆசை இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முத்திரையை எடுத்து மையட்டையின் மேல் இரண்டு முறை அழுத்தினார். எதன் மேலும் குத்தவில்லை.

"உன் மகன் ரேட்டோவை நான் என்ன பண்ணேன், ஏர்ன்ஸ்ட்?"

ரேட்டோ போல்வில் தீயணைப்புக் குழுவில் இருந்தவன். கீழே லீஸ்டாலில் ஒரு பெண்ணோடு தங்க ஆரம்பித்த பிறகும் பெயர் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டான். லோட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏர்ன்ஸ்டின் வீட்டுக்குப் போய்க் குளியலறையைப் பார்த்தார். டம்ளரில் ஒரே ஒரு பிரஷ்தான் இருந்தது, அது ஏர்ன்ஸ்டுடையது. அன்றே ரேட்டோவின் பெயரை நீக்கினார். குழுவிலிருந்தும் அவன் விலக வேண்டியதாயிற்று.

"அதுக்காக நாலு மாசம் உன்னைக் கண்டா தெருவுக்கு அந்தப் பக்கம் போனேன். இன்னிக்கு நானே உன் வாசலுக்கு வந்து சொல்றேன். எடுத்துக்கயேன்."

"எடுத்துக்கிட்டா நாளைக்கு ரேட்டோ வந்து கேப்பான். என்ன சொல்றது, உங்கப்பா எனக்குக் கல்லுக்கடியில வழி பண்ணிக் குடுத்தாருன்னா?"

ஏர்ன்ஸ்ட் எழுந்தார். நாற்காலியின் அடியில் காய்ந்த சேறு உதிர்ந்து கிடந்தது. கதவருகே நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"எர்லிகன்காரிக்குப் பிடிவாதம் மட்டும் போகல."

"போல்வில்காரனுக்கு வாயே வரல."

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டதால் பார்க்க முடியவில்லை.

எல்லை நடை மே கடைசியில், விண்ணேற்புத் திருநாளான வியாழன் அன்று. நடக்க முடிகிற எல்லோரும் தொப்பியில் பூச்செருகிக்கொண்டு, காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூடினார்கள். நூற்று எழுபது பேர் இருக்கும். லோட்டி கல் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குறி. வழியில் பிள்ளைகள் கல்லின் மேல் ஏறி உட்காருவதும், பெரியவர்கள் போன வருடக் கதையையே திரும்பச் சொல்வதும் வழக்கம்போல நடந்தன. முப்பத்தெட்டில் எர்லிகன்காரர்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எர்லிகன் செயலர் கேத்தி ஷௌப், லோட்டியோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஒரு புட்டி செர்ரிச் சாராயம் கொண்டுவந்திருந்தார்கள். முப்பத்தெட்டு சரி. முப்பத்தொன்பது சரி. நாற்பதும் சரி.

நாற்பத்தொன்றுக்கு வந்ததும், ஐவரும் மண்வெட்டியை இறக்குவதற்கு முன், லோட்டி பதிவேட்டை மூடி, ஒன்று சொல்ல வேண்டும் என்றார். ஊர்த் தலைவர் ஹான்ஸ்யோர்க் ட்ஷோப், சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாமே என்றார். ஏதோ வாழ்த்துரை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"சாப்பிட்டப்புறம் சொன்னா, தோண்டினதால சொன்னேன்னு ஆயிடும்" என்றார் லோட்டி. "இந்தக் கல்லை வால்டர் நகத்தி வச்சாரு. எண்பத்தொம்பதுல. எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். இதுக்கடியில ஒண்ணும் கிடையாது."

ஒரு நாய் கல்லை முகர்ந்துவிட்டுப் போனது. ஏர்ன்ஸ்ட் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னார். நூற்று எழுபது பேரும் எர்லிகன்காரர்களும் முதுகைக் காட்டி நின்றோம். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் கல்லுக்கடியில். பிறகு வீட்டை ஒட்டி, வரைபடத்தில் ஏழு மீட்டர் காட்டிய இடத்தில். அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே, ஒரு முழ ஆழத்தில் அது இருந்திருக்கிறது. ஏர்ன்ஸ்ட் திரும்பலாம் என்றபோது மண் மூடியிருந்தது. "இங்க இருக்கு" என்று மட்டும் சொன்னார். சத்தியத்துக்கு உட்பட்டு அவ்வளவுதான் சொல்லலாம்.

நாற்பதிலிருந்து அந்த இடம் வரை, அங்கிருந்து நாற்பத்திரண்டு வரை கயிறு பிடித்தார்கள். கயிறு வீட்டின் சுவரில் முட்டியது. லோட்டி உள்ளே போய், பழைய வீட்டுக்கும் நீட்டிக் கட்டிய அறைகளுக்கும் நடுவே உள்ள நடையறையின் இரண்டு சன்னல்களையும் திறந்துவிட்டார். கயிற்றை ஒரு சன்னலில் விட்டு இன்னொன்றில் வாங்கினார்கள். அது வீட்டை இரண்டாகப் பிரித்தது. சமையலறை, கூடம், வால்டரின் கருவிகள் கிடக்கும் சின்ன அறை, இவை போல்வில். படுக்கையறை, குளியலறை, பிள்ளைகளின் அறை, இவை எர்லிகன்.

கேத்தி சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குளியலறைப் பக்கம் பார்த்தார்.

"முப்பது வருஷம் எங்க ஊர்ல தூங்கி எந்திரிச்சிட்டு ஒருநாளாவது பதிஞ்சியா நீ? உனக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பணும்டி."

அதுவரை அடக்கி வைத்திருந்த ஊர் அப்போதுதான் சிரித்தது. லோட்டியும் சிரித்தார். ஆனால் நடையின் முடிவில் ஊர்ச் செலவில் தருகிற சாசேஜையும் ரொட்டியையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அது போல்வில்காரர்களுக்கு உரியது என்றார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்ததும் லோட்டி ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். வெளியேறுபவர்: லோட்டி பூசர், பிறப்பு தோமன். புதிய குடியிருப்பு: எர்லிகன். வெளியேறும் தேதி என்ற இடத்தில் தயங்கினார். கடைசியில் அன்றைய தேதியைப் போட்டு, அடியில் சின்ன எழுத்தில் உண்மையான வருடத்தை எழுதினார். பின்பு அறிவிப்புப் பலகைக்குப் போய் 412 என்பதை அடித்து 411 என்று எழுதினார். பிறகு ரயில், பஸ் என்று சுற்றி, கேத்தியிடம் பதிந்துவிட்டு வந்தார். முகட்டைத் தாண்டி நடந்தே போயிருக்கலாம். அலுவல் விஷயமாகப் போகும்போது சாலை வழியாகத்தான் போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அன்று மாலை போல்வில் ஊர் மன்றம் கூடியது. சம்பந்தப்பட்டவர் என்பதால் லோட்டி அறையை விட்டு வெளியேறினார். அவர் போன பிறகுதான் குறிப்பெழுத ஆளில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. என்னைக் கூப்பிட்டார்கள். இடைக்காலச் செயலர் என்று என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். மரம் அறுக்கும் புரூனோ ஹேரிங், கணவன் செய்ததற்கு மனைவி பொறுப்பில்லை என்றாலும் ஆறு வருடம் தெரிந்தே கையெழுத்துப் போட்டது தவறு என்றார். அது நியாயம்தான். வேறொருவர், கட்டிலை நடையறைக்கு இந்தப் பக்கம் போட்டால் எல்லாம் தீர்ந்தது, இதற்கு ஒரு கூட்டமா என்றார். இதுவும் நியாயம்தான். ஒரு மணி நேரம் பேசினார்கள். மூன்றுக்கு இரண்டு என்று முடிவானது. எல்லைக்குள் வந்து குடியேறினால், ஓய்வு வரை லோட்டியே செயலர். பத்து நாள் அவகாசம்.

கட்டிலை மாற்றுவது பேச்சில் எளிது. அது வால்நட் மரத்தில் வால்டர் தன் கையால் செய்தது, அந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது. கதவு வழியே வெளியே வராது. சனிக்கிழமை ஏர்ன்ஸ்டும், லீஸ்டாலிலிருந்து அவர் கூட்டிவந்த ரேட்டோவும், நானும் நான்கு விதமாகச் சாய்த்துப் பார்த்தோம். ரேட்டோ அறுத்துத் திரும்ப இணைத்துவிடலாம் என்றான். லோட்டி வேண்டாம் என்றார். மகள் சின்ன வயதில் படுத்த ஒற்றைக் கட்டில் பரணில் இருந்தது. வால்டரின் கருவிகளை அப்புறப்படுத்திவிட்டு அந்த அறையில் அதைப் போட்டோம். அறை அவ்வளவு சிறியது, கட்டில் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது.

"காலை நீட்டினா சுவர் இடிக்குமே, லோட்டி" என்றான் ரேட்டோ.

"தலை எங்க இருக்குன்றதுதான் கணக்கு. காலை மடக்கிக்கலாம்."

போகும்போது ரேட்டோவுக்கு ஒரு ஜாடி ஊறவைத்த செர்ரி கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை லோட்டி அலுவலகத்துக்கு வந்து, மேசைக்கு இந்தப் பக்கம், மக்கள் நிற்கும் இடத்தில் நின்றார். பதிய வந்திருக்கிறேன் என்றார். நான் படிவத்தை எடுத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சமையலறைத் தொட்டிக்கு மேல, நீல டம்ளர்ல" என்றார். "வந்து பார்க்கணும். சும்மா சொன்னா எழுதக் கூடாது."

எனவே போனேன். அவர் ரேட்டோவுக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யாவிட்டால் விடமாட்டார் என்று தெரியும். நீல டம்ளரில் பிரஷ் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சின்ன அறையில் கட்டில் விரித்திருந்தது. தலைமாட்டில் மூக்குக் கண்ணாடி. நடையறையைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரிய கட்டிலிலும் விரிப்பு மாற்றி, இரண்டு தலையணைகள் வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் பள்ளம் இருந்தது.

அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் அங்க போய்ப் படுப்பேன்" என்றார். "அது குடியிருப்பு ஆகாது. வருகை. தொண்ணூறு நாளைக்குள்ளனா பதியத் தேவையில்ல."

அரை மணி நேரமாகக் கணக்குப் போட்டால் தொண்ணூறு நாள் எத்தனை வருடம் வரும் என்று நின்ற இடத்திலேயே மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொரு வருடத்துக்கு மேல் வந்தது. அவர் முன்பே போட்டு வைத்திருப்பார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, லோட்டி பூசர், போல்வில், ஹின்டர்போல் பண்ணை என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். இடைக்காலச் செயலராக நான் செய்த பதிவு அது ஒன்றுதான். அறிவிப்புப் பலகையில் 411ஐ அடிக்க அவரே போனார். பழைய வருடங்களின் எண்ணிக்கையைத் திருத்தக் கோரி மாநிலப் புள்ளிவிவர அலுவலகத்துக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். பிள்ளைகள் பிறந்த வருடம், வெளியேறிய வருடம், வால்டர் இறந்த வருடம் எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு வருடமும் எத்தனை பேர் கூடுதலாக எழுதப்பட்டார்கள் என்று. ஜூலையில் இரண்டு வரியில் பதில் வந்தது. வெளியிடப்பட்ட எண்ணிக்கைகள் திருத்தப்பட மாட்டா.

லோட்டி அதற்கும் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தார். பிறகு மேசையின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்த இளம் தம்பதியைப் பார்த்தார். அவர்கள் பாசெலிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள், அவள் கையில் ஒரு குழந்தை.

"பல் பிரஷ் எங்க இருக்கு?" என்று கேட்டார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "இவருக்குப் பல்லே இல்ல. இவரை அம்மாவோட சேர்த்து எழுதிக்கலாம்."